தவறான விடைக்கு வழிமுறை

வெள்ளிக்கிழமை, மாலை

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுகிறேன். நானும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, காலையில் கீழே டயர் கடைக்காரரின் சுத்தியல் சத்தத்தில் எழுந்து, உன் போனுக்காக ஞாயிற்றுக்கிழமையை எதிர்பார்த்துக்கொண்டு இருக்கிறோம். உன் வீட்டுக்காரரையும் என்னையும் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. நீ பார்த்துக்கொள்ளும் அந்த மூதாட்டி இப்போதாவது உன்னைத் தூங்க விடுகிறாரா?

முதுகு வலி என்று எழுதியிருந்தாய். அவரைக் கட்டிலிலிருந்து தூக்கும்போது இடுப்பை வளைக்காதே, முழங்காலை மடக்கு. பள்ளிக்கூடத்தில் பெஞ்சு தூக்கும் பையன்களுக்கும் இதைத்தான் சொல்வேன். பெஞ்சு நம்மைத் திட்டாது, அது ஒன்றுதான் வித்தியாசம்.

வீட்டு விஷயம். கட்டடக்காரர் நான்காவது மாடிக்குக் கூரை போட்டுவிட்டார். நம்முடையது மூன்றாவது மாடி, வலது பக்கம். கட்டடத்தைப் பார்க்கப் போன மாப்பிள்ளை, லிப்ட் குழியின் அளவு சரியில்லை என்று மேஸ்திரியோடு சண்டை போட்டுவிட்டு வந்தார். சமையலறைக்கு ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டேன். பார்க்கவில்லை என்கிறார். லிப்ட் மெக்கானிக்கை வீடு பார்க்க அனுப்பினால் இப்படித்தான். அடுத்த மாதக் கடைசியில் பெரிய தவணை கட்ட வேண்டும். இந்த இரண்டு வருஷமாக நீ அனுப்பியது அத்தனையும் வங்கியில் அப்படியே இருக்கிறது.

இனி ஒரு சின்ன விஷயம். என் சனிக்கிழமைப் பைத்தியம் உனக்குத் தெரியும். குதிரை ரேஸ் புத்தகம் வாங்குவேன். எந்தப் பந்தயத்தில் எது ஜெயிக்கும் என்று நாற்பது பக்க நோட்டில் எழுதுவேன். திங்கட்கிழமை பேப்பர் வந்ததும் சரிபார்ப்பேன். பதினோரு வருஷத்தில் ஒரு காசு கட்டியதில்லை. "அண்ணன் காகிதக் குதிரை ஓட்டுறாரு" என்று நீ கேலி செய்வாயே, அதுதான். காகிதக் கணக்கிலேயே எட்டு வருஷம் நஷ்டம், மூன்று வருஷம்தான் லாபம்.

போன வாரம் அந்த நோட்டுக்குள் ரேஸ் மைதானத்துப் பந்தய டிக்கெட் ஒன்று கிடந்தது. நான் எழுதி வைத்த அதே எண். நான் குளிக்கப் போகும்போது மாப்பிள்ளை நோட்டைப் பார்த்துவிட்டுப் போய்ப் பணம் கட்டுகிறார். ஓரத்தில் அவர் வைத்த பென்சில் புள்ளிகளை எண்ணினால், நான்கு மாதமாக நடக்கிறது. சின்னத் தொகைதான். ஒரு வாரம் ஜெயித்தால் புதுச் செருப்பு, அடுத்த வாரம் தோற்றால் மதியம் பசியில்லை என்பார். நானும் வெயில் காலம், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன், பார்.

கூப்பிட்டுத் திட்டலாம். திட்டி யாருக்கும் கணக்கு வந்ததில்லை. என் வகுப்பு முறை உனக்கு நினைவிருக்கும். கரும்பலகையில் வேண்டுமென்றே ஒரு தவறான விடையை எழுதிவிட்டுச் சும்மா நிற்பேன். பையன்கள் முழிப்பார்கள். கடைசியில் ஒருவன் பயந்து பயந்து எழுந்து, "சார், அது தப்பு சார்" என்பான். அன்று கற்றதை அவன் மறக்கவே மாட்டான். அதே போல நாளை நான்காவது பந்தயத்துக்கு ஏழாம் எண் என்று எழுதி வைத்திருக்கிறேன். இந்த வருஷம் ஓடிய ஒன்பது பந்தயத்தில் ஐந்தில் அது கடைசி. நான் நிச்சயம் என்று நினைத்தால் போடும் இரண்டு கோட்டையும் பக்கத்தில் போட்டிருக்கிறேன். கைக்காசு கொஞ்சம் போகும், மயக்கம் தெளியும். நீ இதை மனதில் போட்டுக்கொள்ளாதே.

முதுகைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணன்


நான்கு வாரம் கழித்து, வியாழக்கிழமை

அன்புள்ள தங்கைக்கு,

உன் பதில் கிடைத்தது. "அண்ணா, அவரு உங்க ஸ்டூடண்ட் இல்ல. விளையாட்டெல்லாம் வேணாம், வாயைத் திறந்து சொல்லிடுங்க" என்று எழுதியிருந்தாய். சொல்லிவிட்டேன். அவரும் கேட்டுக்கொண்டார். அந்தப் பேச்சு இத்துடன் முடிந்தது.

நின்றபடி சுற்றும் பெரிய விசிறி ஒன்று வாங்கியிருக்கிறோம். இப்போது இரண்டு அறைக்கும் காற்று வருகிறது. மாப்பிள்ளை ஓவர்டைம் பார்த்தார்.

வேறு என்ன? டயர் கடைக்காரர் இப்போதெல்லாம் என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார். "வாத்தியாரே, ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க" என்று முக்காலியைத் துடைத்துப் போடுகிறார். பத்து வருஷமாக அவர் கடை வாசலில்தான் நடக்கிறேன், இப்போதுதான் கண்ணில் பட்டிருக்கிறேன். வங்கியில் காசாளர்கூட கவுண்டரை விட்டு எழுந்து என்னிடம் வந்து இரண்டு வார்த்தை பேசினார். ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் யாராவது சந்தேகம் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று! அதனால் கொஞ்சம் பொழுது போகிறது.

வீட்டுத் தவணையைத் திங்கட்கிழமை கட்டிவிடுவதாக மாப்பிள்ளை சொல்கிறார். சனிக்கிழமை எனக்கு ஒரு வெளி வேலை இருக்கிறது. அதிகம் எழுத நேரமில்லை.

அன்புடன்,
அண்ணன்


புதன்கிழமை

அன்புள்ள தங்கைக்கு,

இதை உன்னோடு வேலை செய்யும் பெண்ணிடம் கொடுத்து அனுப்புகிறேன். விடுமுறை முடிந்து வெள்ளிக்கிழமை அங்கே வந்துவிடுவாளாம். தபாலில் போட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் உனக்குக் கிடைக்காது. எங்கேயாவது உட்கார்ந்து படி.

மாப்பிள்ளை இருக்கிறார். இந்த நிமிடம் என் கண் எதிரில், கட்டிலில், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். இதை முதலில் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. போன ஞாயிறு அவருக்குக் காய்ச்சல், பேச முடியவில்லை என்று உன்னிடம் சொன்னேன். காய்ச்சல் இல்லை.

போன கடிதத்தில் "சொல்லிவிட்டேன்" என்று எழுதியதும் பொய். நான் அவரிடம் எதையும் சொல்லவில்லை. ஏனென்றால் ஏழாம் எண் ஜெயித்துவிட்டது.

அன்று மதியம் ஒரு மழை. தரை சேறாகி, நல்ல குதிரைகள் எல்லாம் தயங்கித் தயங்கி ஓட, இது மட்டும் எதுவும் தெரியாத மாதிரி ஓடி வந்துவிட்டது. யாரும் நம்பாத குதிரை என்பதால் ஒன்றுக்குப் பதினைந்து. நான் இரண்டு கோடு போட்டிருந்தேன் அல்லவா? அதனால் அவர் வழக்கமான சின்னத் தொகையைக் கட்டாமல், ஒரு வாரச் சம்பளத்தை முழுதாகக் கட்டியிருந்தார். படியில் நான்கு நான்காகத் தாவி ஏறி வந்து என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார். திருட்டுத்தனமாக நோட்டைப் பார்த்ததெல்லாம் அவருக்கு மறந்தே போய்விட்டது. "மச்சான், நீங்க மனுஷனே இல்ல! எப்படி மச்சான் கண்டுபுடிச்சீங்க?"

அங்கே சொல்லியிருக்க வேண்டும். அது தப்பு மாப்பிள்ளை, வேண்டுமென்று எழுதிய தப்பு என்று ஒரே வரி. ஆனால் அவருக்குப் பின்னாலேயே டயர் கடைக்காரரும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றார். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். மேகத்தைப் பார்த்தேன், மழை வரும் என்று தெரிந்தது என்றேன். அதன் தாய்க் குதிரை சேற்றில் நன்றாக ஓடும் என்றேன். ஜாக்கியின் எடையைச் சொன்னேன். "விடை மட்டும் போதாது, வழிமுறை எழுது" என்று முப்பத்தைந்து வருஷம் பையன்களைப் படுத்தியவன், ஒரு தவறான விடைக்கு வழிமுறை எழுதிக் காட்டினேன். அது எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா? கொஞ்ச நேரத்தில் எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

ஒருமுறை வகுப்பில் நாற்பது பையன்களை நிற்க வைத்து ஆளுக்கொரு நாணயத்தைச் சுண்டச் சொன்னேன். பூ விழுந்தவன் உட்கார வேண்டும், தலை விழுந்தவன் மறுபடி சுண்ட வேண்டும். ஐந்தாறு சுற்றில் ஒருவன் மட்டும் நின்றான். ஒரு வாரம் அவன் ராஜா மாதிரி நடந்தான். "எவனோ ஒருத்தன் நின்னுதாண்டா ஆகணும், அது நீயா இருந்தா அதுல உனக்கு என்னடா பெருமை?" என்று கேட்டு வகுப்பையே சிரிக்க வைத்தேன். இந்த வயதில் தனியாக நான் நின்றேன். அதைச் சொல்லிச் சிரிக்க எனக்கு ஒரு வாத்தியார் இல்லை. நீ எழுதினாய். நான்தான் படித்துவிட்டு மடித்து வைத்தேன்.

வந்த பணத்தில் விசிறி போக மீதி, அடுத்த மூன்று சனிக்கிழமைகளில் போயிற்று. இப்போது அவர் நோட்டைத் திருட்டுத்தனமாகப் பார்க்கவில்லை, நேராகவே என்னைக் கேட்டார். நானும் நேராகவே சொன்னேன். மூன்றாவது வாரம் கைச்சம்பளத்திலும் கை வைத்தார். பிறகு, உனக்குப் போன கடிதம் எழுதிய மறுநாள் வெள்ளிக்கிழமை, "மச்சான், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. விட்டதைப் புடிச்சிட்டு, சத்தியமா நிறுத்திடறேன்" என்றார். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து மூன்றாம் எண் என்று சொன்னேன். அதில் விளையாட்டு எதுவும் இல்லை. எனக்குத் தெரிந்த அத்தனையையும் போட்டுச் சொன்னது. "வங்கி வரைக்கும் போயிட்டு வந்துடறேன்" என்று சட்டையை மாட்டினார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. தெரியாமல் கேட்காமல் இருந்தேன் என்று நினைத்துவிடாதே.

மறுநாள், முன்பே பேசி வைத்திருந்தபடி, நானும் கூடப் போனேன். பதினோரு வருஷம் எழுதியும் மைதானத்துக்குள் கால் வைத்தது அன்றுதான். பேப்பரில் படிக்கும்போது குதிரைக்குச் சத்தம் கிடையாது. நேரில், அவை திரும்பி வரும்போது காலுக்குக் கீழே பலகை அதிர்கிறது. மாப்பிள்ளை என் முழங்கையைப் பிடித்திருந்தார். மூன்றாம் எண் விழவில்லை. காலை ஒடித்துக்கொள்ளவில்லை. யாரும் யாரையும் ஏமாற்றவும் இல்லை. நன்றாகத்தான் ஓடியது, நான்காவதாக வந்தது. மொத்தம் ஒன்றரை நிமிடம்கூட இருக்காது. உன் இரண்டு வருஷம் அதில் போயிற்று. உன் முதுகும்தான்.

திரும்பும்போது பஸ்ஸில் எனக்கும் சேர்த்து அவரே டிக்கெட் எடுத்தார். "உக்காருங்க மச்சான்" என்று இடம் பிடித்துக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை அவருக்கு வார விடுப்பு. காலையில் சொல்லாமல் கிளம்பிப் போனார். மதியம், அவர் வழக்கமாகப் பழுது பார்க்கும் ஒன்பது மாடி அலுவலகத்தின் காவலாளி அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். மேல் மாடியில் லிப்ட் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு குழியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாராம். காவலாளி என்னைப் படிக்கட்டுக்கு அழைத்துப் போய், "சார், டூல்ஸ் பையை எடுத்துட்டு வரல. அதான் எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு" என்றார். அவருக்கு நன்றிகூடச் சொன்னேனா என்று நினைவில்லை.

அது நேற்று ஒரு வாரம் ஆகிறது. அன்றிலிருந்து நான் கடைக்குப் போகவில்லை, சாமான்களை டயர் கடைக்காரர் வாங்கி வந்து கொடுக்கிறார். அறைத் தாழ்ப்பாளை எடுத்துவிட்டேன். சவரப் பெட்டியைப் பூட்டி, சாவியை நான் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை நானே அவருக்குச் சவரம் செய்துவிட்டேன். முகத்தைத் திருப்புங்கள் என்றால் திருப்புகிறார்.

நேற்று அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏழாம் எண் நான் பாடம் கற்பிக்க வேண்டுமென்றே எழுதிய தப்பு, மழைக் கதை, தாய்க் குதிரைக் கதை எல்லாம் அப்புறம் கட்டியது என்று. "அப்போ மூணு?" என்று கேட்டார். அது நிஜமாக எழுதியது என்றேன். "அப்போ நீங்க தப்பா எழுதுறதையே நான் கட்டியிருக்கணும், மச்சான்" என்றார். சிரித்த மாதிரிதான் இருந்தது. முணுமுணுத்ததை விட்டால், ஒரு வாரத்தில் அவர் முழுதாகப் பேசிய வாக்கியம் அது ஒன்றுதான். சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் பட்டேன்.

கட்டடக்காரரைப் பார்த்துப் பேசினேன். அந்த வீடு நமக்கில்லை. என் பென்ஷனில் மாதம் இவ்வளவு என்று உனக்கு எழுதித் தருகிறேன். எத்தனை வருஷம் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் தாளைக் கிழித்துவிட்டேன். ஆனாலும் தருகிறேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நீ திரும்பி வந்து என் எதிரில் நின்று கேட்க வேண்டியதை எல்லாம் கேள், அதுவரை நான் இருப்பேன்.

நான் கேட்பது வேறு. ஞாயிறு காலை பத்து மணிக்கு வழக்கம்போல டயர் கடைக்குப் போன் செய். மாப்பிள்ளையைக் கீழே கூட்டி வருவேன். வரமாட்டேன் என்பார், கூட்டி வருவேன். ரிசீவரை அவர் காதில் நானே பிடித்துக்கொள்கிறேன். "அவளுக்குத் தெரிஞ்சா என்கிட்ட இனிமே பேசவே மாட்டா" என்று சவரம் செய்யும்போது முணுமுணுத்தார். வேறு எதைப் பற்றியும் அவருக்குப் பயம் இருப்பதாகத் தெரியவில்லை. அதனால்தான் கேட்கிறேன். திட்டு. அழு. ஏன் இப்படிச் செய்தாய் என்று நூறு முறை கேள். உனக்கு எல்லா உரிமையும் உண்டு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே, அம்மா. திட்டுவதற்கு வார்த்தை தீர்ந்துபோனால் அங்கே வெயிலா குளிரா என்று சொல், பஸ்ஸில் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்று சொல். அவர் பதில் சொல்ல மாட்டார். நீ நிறுத்தாதே. அவர் ஒரு "ம்" சொல்லும் வரை போனை வைக்காதே.

நீ நன்றாயிருக்க வேண்டும். பத்து மணி. ஐந்து நிமிடம் முன்னாலேயே செய்தாலும் நாங்கள் கீழே இருப்போம்.

உன் கோபம் முழுவதற்கும் உரியவன்,
அண்ணன்