அச்யுத்தின் ஆஞ்சியோ சி.டி.

அல்சூர், பெங்களூர்
12 ஜூன் 2005

அன்புள்ள ரக்ஷாவுக்கு மாமா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் மாமியும் உடம்பளவில் சௌக்கியம். நீயும் உன் அண்ணா குடும்பத்தாரும் புனேயில் சுகமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் வந்து பல நாளாகிவிட்டது. அங்கே வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து எங்களோடேயே இருந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். போனில் பதில் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். உன் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வருவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ கேட்ட உன் பழைய ஆபீஸ் சர்டிபிகேட்டுகளைத் தேடி அச்யுத்தின் அறையைத் திறந்தேன். பிள்ளை போனபிறகு மாமி அந்தப் பக்கமே போகவில்லை. அவள் அழவும் இல்லை, உனக்குத் தெரியும். காரியத்துக்கு வந்தவர்கள் அதைக்கூடத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். மேஜை டிராயரில் சர்டிபிகேட்டுகளோடு ஒரு சி.டி. இருந்தது. ஆஞ்சியோகிராம் எடுத்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்தது. ஆபரேஷனுக்கு நாள் குறித்துக்கொண்டு வந்தீர்களே, அன்றைக்கு அங்கே போட்டிருப்பீர்கள். அந்த நாள் வரைக்கும் அவன் இருக்கவில்லை.

எனக்கு அதைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அவன் கம்ப்யூட்டரிலேயே போட்டேன். பெயர்கூட இல்லாமல் வெறும் எண்களாக ஃபைல்கள். எதைத் தட்டினாலும் திறக்கத் தெரியவில்லை என்றது. கடைசியில் படம் காட்டுகிற புரோகிராமும் அதே சி.டி.யில் இருப்பதைக் கண்டுபிடித்தேன். திரை சாம்பல் நிறமாயிற்று. மூலையில் இங்கிலீஷில் அவன் பெயர், வயது முப்பத்து நாலு. நடுவில் அவன் இருதயம்.

மருந்து பாய்ந்ததும் ரத்தக் குழாய்கள் கறுப்பாகக் கிளைவிட்டன. துடிப்புக்குத் துடிப்பு எல்லாம் சேர்ந்து அசைந்தன. சில துடிப்புகள்தான். முடிந்ததும் தானாகவே முதலிலிருந்து ஓடிற்று. ஓரிடத்தில் குழாய் நூலாக இளைத்திருந்தது. எனக்கே தெரிந்தது.

மாமி எப்போது பின்னால் வந்து நின்றாள் என்று தெரியாது. இது அச்சுவா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "ஓடிண்டிருக்கே" என்றாள்.

மறுநாளிலிருந்து சமையல் முடிந்ததும் அந்த அறைக்குப் போய் உட்கார்ந்துவிடுவாள். திரையின் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருப்பாள். வேலைக்காரப் பெண்ணை அங்கே சத்தமில்லாமல் பெருக்கச் சொல்வாள். அது பழைய படம் என்று பதமாகச் சொல்லிப் பார்த்தேன். தனக்கும் தெரியும், நிறுத்த மட்டும் வேண்டாம் என்றாள். அறைக்குள்ளாவது வந்தாளே என்று நானும் விட்டுவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் கரண்ட் போயிற்று. யு.பி.எஸ். பாட்டரியும் செத்துப்போயிருந்ததால் திரை சட்டென்று இருண்டுவிட்டது. மாமி போட்ட சத்தத்தில் மாடியிலிருந்து கன்னடத்து அம்மா "ஏனாயித்து, ஏனாயித்து" என்று கேட்டுக்கொண்டே, என்ன ஆயிற்றோ என்று ஓடிவந்தாள். மாமியோ "நான் பாத்துண்டிருக்கும்போதே நின்னுடுத்துன்னா" என்று திரும்பத் திரும்பச் சொல்லி, இத்தனை மாதமாக அழாததை எல்லாம் அழுது தீர்த்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் போன அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனவள் நீ. எங்களுக்குத் திரையில் நின்றது உனக்கு மடியிலேயே நின்றிருக்கிறது. அதைப் பற்றி நீயும் யாரிடமும் சொன்னதில்லை.

சாயங்காலம் கரண்ட் வந்தது. நான் ஸ்விட்சைத் தொட்டபோது மாமி வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "ரக்ஷாவ இங்க வரவேண்டாம்னு எழுதுங்கோ. வந்தா அவளும் எம்பக்கத்துல உக்காந்து இதையேதான் பாத்துண்டிருப்பா."

அவள் சொல்லித்தான் எழுதுகிறேன். எனக்கும் அதுவே சம்மதம்.

உன் அண்ணா போன் பண்ணியிருந்தார். ஒரு வரன் வந்திருப்பதாகவும், மாமா மாமிக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்று எங்களைக் காட்டி நீ காதில் போட்டுக்கொள்ள மறுப்பதாகவும் சொன்னார். எங்களுக்கு என்ன குறை? பென்ஷன் வருகிறது. மாமியின் சர்க்கரைக்கு மாத்திரை மாற்றியிருக்கிறார்கள், வேளாவேளைக்கு நான் எடுத்துக் கொடுக்கிறேன். முழங்கால் வலி இருந்தாலும் சாயங்காலம் ஏரிக்கரை வரை நடக்கிறோம். சர்டிபிகேட்டுகளை ரிஜிஸ்தர் தபாலில் அனுப்புகிறேன். அங்கேயே நல்ல வேலைக்கு உதவட்டும்.

அந்தப் பிள்ளையை ஒரு தடவை பார், ரக்ஷா. பேசிப் பார். மனசுக்குப் பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று சொல். எங்களுக்காக வேண்டாம் என்று மட்டும் சொல்லாதே. முகூர்த்தம் வைத்தால் எங்களுக்கும் ஒரு பத்திரிகை அனுப்பு. பின் வரிசையில் உட்கார்ந்துகொள்கிறோம். யார் என்று யாராவது கேட்டால், பெண்ணைச் சேர்ந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறோம்.

கல்யாணமான அன்று நீங்கள் இருவரும் எங்களைச் சேவித்தபோது நான் சொன்ன ஆசீர்வாதம் பலிக்கவில்லை. அதனால் மறுபடியும் சொல்கிறேன். தீர்க்க சுமங்கலியாக இரு, அம்மா.

இப்படிக்கு,
சீனிவாசராகவன்