அழிக்கச் சொன்ன அழைப்பு

இன்று காலை உன் பழைய ஹெட்செட்டை எடுத்து மாட்டினேன். காதுப் பஞ்சு உதிர்ந்து கன்னத்தில் கருப்பாக ஒட்டியது. துடைக்க மனம் வரவில்லை. அதில் நான் கேட்க வேண்டியிருந்தது ஒரே ஒரு அழைப்பின் பதிவு. நாளைக்கு அதை அழிக்கச் சொல்லித் தலைமை அலுவலகம் மெயில் அனுப்பியிருக்கிறது.

உனக்குத் தெரியாத விதியா? நம் பங்குத் தரகு அலுவலகத்தில் ஃப்யூச்சரோ ஆப்ஷனோ எந்த ஆர்டர் போட்டாலும், வாடிக்கையாளர் வாயால் சொன்னது பதிவில் இருக்க வேண்டும். குறித்த காலம் முடிந்தால் பதிவை அழித்துவிட வேண்டும். புகார் இருந்தால் மட்டும், அது தீரும்வரை தொடக் கூடாது.

விழுப்புரத்தில் ரயிலேறினால் திண்டிவனம் வரை கதவோரம் நின்று ஊர்க்கதை பேசுவாய். அலுவலகத்தில் ஆர்டர் எடுக்கும் போனைக் கையிலெடுத்துவிட்டால் வேறு ஆள். பக்கத்தில் நான் எதையாவது உளறினால் பிறகு திட்டு விழும். "ரெக்கார்டு ஆய்க்கினு இருக்குதுடா. சொந்தக் கதையெல்லாம் வெளிய வெச்சிக்க."

அந்தப் பழக்கம் வீடு வரைக்கும் போயிருந்தது நீ செத்த பிறகுதான் தெரிந்தது. பாப்பாவை நீ எடுத்த வீடியோக்களை உன் மனைவி போட்டுக் காட்டினாள். குழந்தை தவழ்கிறது, எழுந்து நிற்கிறது, உன்னைப் பார்த்துச் சிரிக்கிறது. நீ ஒன்றில்கூடப் பேசவில்லை. பதிவாகிறது என்றாலே உன் வாய் மூடிக்கொள்ளுமே, பாவி.

"கையத் தட்டித்தான் கூப்புடுவாருண்ணா. பேசுங்கன்னாலும் பேச மாட்டாரு. பாப்பாவுக்கு அப்பா குரலே தெரியாது. எங்கனா இருந்தா பாருங்கண்ணா" என்றாள்.

தேடினேன். உன் அழைப்புகள் எல்லாம் காலம் முடிந்து போயிருந்தன. மிஞ்சியது கிளியனூர் வேர்க்கடலை வியாபாரியோடு நீ பேசியது மட்டும். செத்தவன் வந்து பதில் சொல்லவா போகிறான் என்று, நஷ்டமான ஆர்டரைத் தான் சொல்லாமலே நீ போட்டதாகப் புகார் கொடுத்தாரே, அவர்தான். விசாரணையில் அந்தப் பதிவை நானே போட்டுக் காட்டினேன். "பொறுங்கண்ணே. மறுபடி சொல்றேன், சரியானு பாருங்க" என்று நிதானமாக முழு ஆர்டரையும் திருப்பிச் சொல்கிறாய். "சரிப்பா, போடு" என்கிறார் அவர். புகார் தள்ளுபடியானது. உன் பெயர் சுத்தமாயிற்று என்று சந்தோஷப்பட்டேன். அவருடைய பொய்தான் இத்தனை வருஷம் உன் குரலைக் காப்பாற்றி வைத்திருந்தது என்பது மெயிலைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

தலைமை அலுவலகத்தில் பிரதி கேட்டேன். வாடிக்கையாளர் பேச்சு வெளியே போகக் கூடாதாம். அவரே எழுதிக் கேட்டால் தருவார்களாம். திருட்டுத்தனமாகச் செல்போனில் பிடிக்கலாம் என்றால், பதிவு கேட்கும் அறைக்குள் அது கூடாது. தலைக்கு மேல் கேமரா.

நேற்று கிளியனூர் போனேன். களத்தில் மல்லாட்டை காய்ந்துகொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"என்னைப் பொய்யன்னு ஆக்குன குரலு. அத நானே எழுதிக் குடுத்து வாங்கணுமா?"

"கொழந்தைக்காகங்க" என்று காலில் விழுந்தேன். உன்மேல் பழி போட்டவர் காலில். அவர் காலை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். வெளியே வரவில்லை.

இன்று சாயங்காலம் வரை திரும்பத் திரும்பக் கேட்டேன். எங்கே மூச்சு வாங்குகிறாய், 'சரியானு' என்பதை எங்கே இழுக்கிறாய் என்று அத்தனையும் மனப்பாடம். நாளையிலிருந்து நீ இருக்கப்போவது என் காதில் மட்டும்தான். என் காதை எப்படியடா பாப்பாவுக்குக் கொடுப்பேன்?

வீட்டுக்கு வரும் வழியில் உன் மனைவிக்குப் போன் செய்து பாப்பாவிடம் கொடுக்கச் சொன்னேன். அப்பா எப்படிப் பேசுவார் என்று சொல்லட்டுமா என்றேன். ம் என்றாள். உன்னைப் போலவே இழுத்து, "மறுபடி சொல்றேன், சரியானு பாருங்க" என்றேன்.



"இது உங்க குரல்தான பெரியப்பா" என்றாள்.