சட்டைக்கு மேல் எடுத்த அளவு

பிப்ரவரி 4

என் அருமை வாண்டுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் கூப்பிட்டால் நீ "சரிப்பா, அப்புறம்ப்பா" என்று இரண்டே வார்த்தையில் ஆளை முடித்துவிடுகிறாய். கடிதம் என்றால் நான் முடிக்கிறவரை நீ குறுக்கே பேச முடியாது. அந்தச் சௌகரியத்துக்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கடையில் ஒரு பேண்ட்டுக்கு இடுப்புப் பட்டி வைத்துக்கொண்டிருந்தேன். கம்பியில் தொங்கிய சட்டைகள் எல்லாம் ஒன்றாக ஒரு பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தன. காற்று கிடையாது. மெஷினிலிருந்து காலை எடுத்த பிறகும் யாரோ பெடலை மிதிக்கிற மாதிரியே இருந்தது. பூமி ஆடுகிறது என்று எனக்குப் புரிவதற்குள் அது ஆடி முடித்துவிட்டது. எதிரே நம் வீட்டுப் பால்கனியிலிருந்து உங்கம்மா, "என்னங்க, தலை சுத்துறது எனக்கு மட்டுமா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதே. ஆனால் எல்லோரும் கீழே இறங்கி நின்றபோது மேல்மாடி டீச்சர் என்னிடம் வந்தார். அவர் மகள் நிறைமாசமாக இருக்கிறாள். "சார், உங்க பொண்ணு பூகம்பத்துக்குத் தாங்குற மாதிரி பில்டிங் டிசைன் பண்றவங்கதானே? இந்த வீட்டுல இருக்கலாமா, வேண்டாமான்னு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்களேன்."

இன்னொன்று. கீழ்த்தளத்தில் குடோனாக இருக்கும் அறைகளின் சுவர்களை எல்லாம் எடுத்துவிட்டு, ஒரே ஹாலாக்கி, ஃபர்னிச்சர் கடைக்கு விடப்போகிறார் ஓனர். அதனால் ஏதாவது ஆகுமா?

நீ வேலைக்கென்று அங்கே போன பிறகு குடிவந்த வீடு. நீ பார்த்ததில்லை. என்ன பார்க்க வேண்டுமோ எழுது, பார்த்துச் சொல்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன் என்றாலும் அளவெடுக்க எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

உன் அப்பா


பிப்ரவரி 16

அன்புள்ள அப்பா,

முதலில் ஓனரிடம் சுவரில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மேலே எல்லா மாடியிலும் சுவர் இருந்து, கீழே மட்டும் வெறும் பில்லர் இருந்தால், ஆட்டம் முழுவதும் கீழேயே வந்து சேரும். மேல்மாடிகள் ஒரு பெட்டி மாதிரி விறைப்பாக நிற்கும். கால் மட்டும் மடங்கும்.

நாங்கள் இங்கே செய்வது இதுதான். பெரிய பூகம்பம் வந்தால் கட்டடம் அடிபடாமல் இருக்காது. ஆனால் எங்கே அடிபட வேண்டும் என்று நாங்கள் முன்பே முடிவு செய்கிறோம். பீம் முதலில் விரிசல் விடட்டும், பில்லர் நிற்கட்டும். பீம் உடைந்தால் ஆட்கள் இறங்கி ஓட நேரம் இருக்கும். பில்லர் உடைந்தால் ஒரு மாடி அப்படியே அடுத்த மாடிமேல் உட்கார்ந்துவிடும்.

பில்லருக்குள் நிற்கிற கம்பிகளைச் சுற்றி ரிங் கட்டுவார்கள். பீமும் பில்லரும் சேரும் இடத்தில் அந்த ரிங்கை நெருக்கி நெருக்கிக் கட்ட வேண்டும். நீங்கள் பாக்கெட் மூலையில் மட்டும் நெருக்கித் தையல் ஓட்டுவீர்களே, அதே காரணம்தான்: கிழிவது அங்கேதான் தொடங்கும்.

பில்லரின் அகலம், தடிமன், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி, மாடி உயரம், எல்லாம் அனுப்புங்கள். தூரத்திலிருந்து முடிவாக எதுவும் சொல்ல முடியாது. ஆனாலும் பார்க்கிறேன்.

இங்கே ஒரு ஆஸ்பத்திரி கட்டட வேலை போய்க்கொண்டிருக்கிறது. சாப்பிடக்கூட நேரமில்லை. அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

உங்கள் வாண்டு


மார்ச் 1

அன்பு வாண்டு,

சாப்பிடவில்லை என்று அம்மாவிடம் சொல்லவில்லை. அவளே படித்துவிட்டாள்.

உடைய வேண்டும் என்றே கணக்குப் போடுகிற உத்தியோகமா உனக்கு! இதற்கா நான் கண்ணாடி நம்பர் ஏற ஏறத் தைத்துப் படிக்க வைத்தேன்? உங்கம்மாவுக்கு நீ எழுதியதை விளக்கினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்போ இந்த வீட்டுல நான் பீமா, பில்லரான்னு அவளையே கேட்டு எழுதுங்க" என்றாள். பதில் எழுதும்போது பார்த்து எழுது, நான் இங்கே தினமும் சாப்பிட வேண்டியவன்.

அளவு எடுத்துவிட்டேன். கழுத்தில் டேப், காதில் சாக்பீஸ், கையில் நோட்டு என்று நான் பில்லரைச் சுற்றி வந்ததைப் பார்த்து டீக்கடையே வேடிக்கை பார்த்தது. "என்ன டெய்லரே, பில்லருக்குக் கோட்டா, சூட்டா?" என்று ஒருத்தன் கேட்டான். "முதல்ல துணியக் கொண்டாடா" என்றேன்.

குடோன் பூட்டியிருந்ததால் முன்பக்கத்துப் பில்லர்களைத்தான் அளந்தேன். உள்ளேயும் இதே மாதிரிதான் என்றார் ஓனர். சும்மா சொல்லக்கூடாது, ஒவ்வொன்றும் பயில்வான். இரண்டடிக்கு இரண்டடி. வழவழவென்று கல் ஒட்டி அழகாக இருக்கிறது. மற்ற அளவெல்லாம் தனித்தாளில் படம் போட்டு வைத்திருக்கிறேன். படத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

டீச்சர் வேறு வீடு பார்த்து வைத்துவிட்டு, உன் ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கிறார்.

அப்பா


மார்ச் 13

அன்புள்ள அப்பா,

அவசரத்தில் எழுதுகிறேன். பில்லர் இவ்வளவு பெரிதாக இருந்தால் நான் பயந்த அளவுக்கு இல்லை. சுவரை எடுத்தால்கூட ஓரளவு ஆட்டத்தைத் தாங்கும் என்றுதான் கணக்கு வருகிறது. ஆனால் உள்ளே கம்பி எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஒரு ஆளை வைத்துப் பூச்சைச் சுரண்டிப் பார்க்காமல் எதுவும் நிச்சயமில்லை. இது உங்களுக்கும் எனக்கும் இடையில் இருக்கட்டும். யாரிடமும் சொல்ல வேண்டாம்.

மனசு கொஞ்சம் லேசானது என்பது உண்மை.

வாண்டு

பி.கு.: அம்மாதான் பில்லர். இதில் கணக்கே தேவையில்லை.


ஏப்ரல் 2

அன்பு வாண்டு,

நீ சொன்னபடி யாரிடமும் சொல்லவில்லை. டீச்சரிடம் மட்டும் சொன்னேன். அவர் கேட்டுக் கேட்டு நிற்கும்போது வாயை எப்படித் தைத்துக்கொள்வது? பிறகு ஓனர் வந்து, "கடுதாசிய ஒரு தடவ காட்டுங்களேன்" என்றார். காட்டினேன். பெற்றவனுக்கு ஒரு பெருமை இருக்காதா? "படிச்சிட்டுத் தரேன்" என்று கொண்டுபோனவர், முதல் பாதியை மட்டும் நகல் எடுத்து மாடிப்படியில் ஒட்டிவிட்டார். "கம்பி எப்படி இருக்கிறது" என்ற இடத்திலிருந்து கீழே இருப்பது ஒன்றும் அதில் இல்லை. கேட்டதற்கு, "பேப்பர் அவ்வளவுதான் இருந்துச்சு" என்கிறார்.

கோபப்படாதே. நல்ல விஷயமும் இருக்கிறது. டீச்சர் வேறு வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மகளுக்குப் பெண் குழந்தை. அழுகை நம் வீடு வரை கேட்கிறது, உன்னுடையதில் பாதிகூட இல்லை.

கீழே சுவர்களை எடுத்துவிட்டார்கள். இப்போது இந்தத் தெருவிலிருந்து பின்தெரு தெரிகிறது.

அப்பா


ஏப்ரல் 19

வாண்டு,

இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஃபர்னிச்சர் கடைக்கு முன்பக்கம் கண்ணாடி போடுகிறார்கள். அந்த ஃபிரேம் உட்காரவில்லை என்று மேஸ்திரி, பில்லரில் ஒட்டியிருந்த கல்லைத் தட்டினார். நான் கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கல் விழுந்தது. கல்லுக்குப் பின்னால் செங்கல். செங்கல்லும் விழுந்தது. அதற்குப் பின்னால் இன்னும் காலி இடம். அதற்கும் உள்ளே, ஒரு நோஞ்சான் மாதிரி நிற்கிறது பில்லர். பாதி தைத்த பேண்ட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். ஒன்பது அங்குலம், கண்ணே. என் சாணுக்குள் அடங்கிவிட்டது. அழகுக்காகச் சுற்றிக் கட்டின பெட்டியைத்தான் நான் பில்லர் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.

சட்டைக்கு மேல் அளவெடுத்துவிட்டேன். ஆயுசு முழுக்க அப்படித்தானே எடுத்திருக்கிறேன். போட்டிருக்கிற துணிக்கு மேலே டேப்பைச் சுற்றுவேன், யாரையும் கழற்றச் சொன்னதில்லை.

அடியில் கான்கிரீட் உதிர்ந்து கம்பி தெரிகிறது. ரிங் நெருக்கமாக இருக்க வேண்டும் என்று எழுதினாயே, ஒரு ரிங்குக்கும் அடுத்த ரிங்குக்கும் நடுவில் என் கை முழுசாகப் போய் வந்தது.

என்ன செய்ய வேண்டும் என்று சொல்.

அப்பா


ஏப்ரல் 30

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதம் வந்த அன்று போனில் கத்தியதை மறந்துவிடுங்கள். உங்கள்மேல் கத்தவில்லை. தையல்காரர் மகள் நான். நீங்கள் சட்டைக்கு மேல்தான் அளவெடுப்பீர்கள் என்று எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? "தட்டிப் பாருங்கள்ப்பா" என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். ஆட்டம் வந்த நாளிலிருந்து, அந்த வீடு நன்றாக இருக்க வேண்டும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் தாளில் நல்ல அளவைப் பார்த்ததும் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டேன். வேறு யார் அனுப்பியிருந்தாலும் பத்துக் கேள்வி கேட்டிருப்பேன்.

போனில் அழுதுகொண்டே சொன்னதில் பாதி உங்களுக்குப் புரிந்திருக்காது, அதனால் எழுதுகிறேன். நீங்களும் அம்மாவும் உடனே வெளியே வாருங்கள். மற்றவர்களிடமும் சொல்லுங்கள். இதோடு ஒரு கடிதம் இணைத்திருக்கிறேன், நான் முன்பு எழுதியது தவறு என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒட்டுங்கள். நகராட்சி அலுவலகத்திலும் கொடுங்கள்.

சரிசெய்ய வழி இருக்கிறது. பில்லரைச் சுற்றிப் புதுக் கம்பி கட்டி, புதுக் கான்கிரீட் போட்டுப் பருமனாக்கலாம். கீழே சில இடத்தில் கான்கிரீட் சுவர் எழுப்பலாம். அந்தப் பில்லர்களை அளந்து அனுப்பினால் வரைபடம் நானே போட்டுத் தருகிறேன். ஆனால் ஓனர் சம்மதிக்க வேண்டும். அங்கேதான் என் கை கட்டுண்டு போகிறது. இங்கே முன்பின் தெரியாத ஆயிரம் பேர் படுக்கப்போகிற ஆஸ்பத்திரியை நிற்க வைக்க எனக்குத் தெரிகிறது.

வாண்டு


ஜூன் 8

என் அருமை வாண்டுக்கு,

பதில் எழுத இத்தனை நாளானதற்குக் காரணம், நல்ல செய்தியோடு எழுதலாம் என்று காத்திருந்ததுதான். அது வருகிற வழியாக இல்லை.

நாங்கள் வெளியே வந்துவிட்டோம். கடைக்குப் பின்னால் இருக்கும் இரண்டு அறையில் இருக்கிறோம். பீரோ உள்ளே போகவில்லை, உங்கம்மா அதைக் கடை வாசலில் நிறுத்தித் துணி காயப்போடுகிறாள். வேண்டுமென்றே பட்டப்பகலில், எல்லோரும் பார்க்கும்படி சாமான்களை இறக்கினேன். என் வாய் பேசினால் நம்பாதவர்கள் என் மெத்தை இறங்கினால் நம்புவார்கள் என்று ஒரு நப்பாசை. எல்லோரும் நம்பினார்கள், ஓனருக்கும் எனக்கும் தகராறு என்று. நம் வீட்டுக்கு மறுவாரமே ஆள் வந்துவிட்டது. சின்னக் குடும்பம். வாடகையைக் குறைத்தாராம்.

நீ கையெழுத்துப் போட்ட கடிதத்தைப் படியில் ஒட்டினேன், கிழித்தார்கள். நகல் எடுத்து மறுபடி ஒட்டினேன். இப்போது அந்த இடத்தில் சோபா விளம்பரம் இருக்கிறது. அலுவலகத்துக்கும் போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பில்டிங் நிக்குதுல்ல?" என்றார். நிக்குதுங்க என்றேன். "அப்புறம் என்ன கம்ப்ளெயிண்ட்?" என்றார். வாங்கி வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். நீ சொன்ன கான்கிரீட் வேலையை ஓனரிடம் சொன்னேன். "பூகம்பம் வருதுன்னு தேதியோட எழுதிக் குடுங்க, செஞ்சிடலாம்" என்கிறார். அந்த நோஞ்சான்களுக்கு மறுபடி பெட்டி கட்டிப் புதுக் கல் ஒட்டியாகிவிட்டது. பளபளக்கிறது. தெரியாத யாராவது வந்து அளந்தால் என்னை மாதிரியேதான் எழுதுவான்.

டீச்சரிடம் நாலு முறை போனேன். கடைசி முறை அவர் கொஞ்சம் கலங்கிவிட்டார். "சார், போறேன்னு நின்னப்ப நீங்கதான் இருங்கன்னீங்க. பார்த்த வீடும் கைவிட்டுப் போச்சு. இப்ப பச்சப்புள்ளய வெச்சுக்கிட்டுப் போங்கன்னா எங்க சார் போவேன்?" நம் இரண்டு அறையில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். வாசலில் நிற்கிற பீரோவை ஜன்னல் வழியாகக் காட்டி, "முதல்ல உங்க பீரோவுக்கு இடம் பாருங்க சார்" என்று சிரித்தார். கோபம் போய்விட்டது அவருக்கு. அது போகாமல் இருந்திருந்தாலாவது நன்றாக இருந்திருக்கும்.

நேற்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். மெல்லிய பருத்தித் துணி, இரண்டு கவுன் வேண்டுமாம். வெட்டுகிற மேஜையில் துணி விரித்துக் குழந்தையைப் படுக்க வைத்தோம். போட்டிருந்த சட்டையைக் கழற்றச் சொன்னேன். "எதுக்கு சார், மேலயே எடுங்களேன், அழுவா" என்றார். கழற்றத்தான் வேண்டும் என்றேன். அழவில்லை. டேப் நுனியைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள். நெஞ்சு பதினேழு அங்குலம். இந்தத் தெருவில் நான் சரியாக எடுத்த அளவு அது ஒன்றுதான்.

உள்ளே நிறையத் துணி மடித்து விட்டிருக்கிறேன், வளர வளரப் பிரித்துவிட்டால் மூன்று வயது வரை போடலாம் என்று சொன்னேன். டீச்சருக்குச் சந்தோஷம். "பிரிச்சுக் குடுக்க நீங்க இருக்கீங்க. நாங்க எங்க போயிடப் போறோம், எதிர்த்தாப்புலதானே இருப்போம்" என்றார்.

ஆமாம் என்றேன்.

மெஷினைத் திருப்பிப் போடச் சொல்கிறாள் உங்கம்மா, அந்தப் பக்கம் பார்க்காமல் தைக்கலாமாம். திருப்பிப் பார்த்தேன். வெளிச்சம் பின்னாலிருந்து வருகிறது, ஊசி தெரியவில்லை. பழையபடியே போட்டுவிட்டேன்.

உனக்கு ஏதாவது வழி தெரிந்தால் எழுது. ஒன்றும் இல்லை என்றால் அதை எழுதாதே, எனக்கே தெரியும். அதற்குப் பதில், உன் ஆஸ்பத்திரியின் பில்லர் எவ்வளவு பெரிது, ரிங் எவ்வளவு நெருக்கம் என்று எழுது. கல்லும் பூச்சும் ஏறுவதற்கு முன்னால் நீயே ஒரு தடவை கையால் தொட்டுப் பார்த்துவிட்டு எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு. பில்லர் சொல்லச் சொன்னாள்.

உன் அப்பா