வியாழனுக்குப் போட்ட கடலை மாலை

நல்லூர், திருப்பூர்
மார்கழி 4, 1968

அன்புள்ள மகள் பூவாத்தாளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் நலம், நலத்துக்கும் ஒரு படி மேலே என்றே எழுதலாம். நீயும் அந்த அமெரிக்கக் குளிரில் ஒரு சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க சிவன்மலை ஆண்டவன் துணை இருக்கட்டும். உன் தந்தி போன மாதமே வந்துவிட்டது, விவரமான கடிதமும் போட்டோவும் போன வாரம்தான் கைக்கு வந்தன. தொலைந்து போன கல் கிடைத்துவிட்டது, அதுவும் வானத்தில் நீ கணக்குப் போட்டுச் சொன்ன இடத்திலேயே கிடைத்துவிட்டது என்று இதுவரை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. பால்காரரில் தொடங்கி பல்லடம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத ஒரு அம்மாள் வரை சொல்லியாகிவிட்டது. அந்த அம்மாள் கண்ணை அகல விரித்து, வைரக் கல்லுங்களா என்று கேட்டாள். அதுக்கும் மேலுங்க என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

தந்தி வந்த அன்று நம் வீட்டுக் கூடத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் தெரியுமா, உன் மடத்துக்குளத்து மாமன் ஆத்தப்பன். என் கூடப் பிறந்த தம்பிதான், இருந்தாலும் அன்றைக்கு அவன் வந்த தோரணை எனக்குப் பிடிக்கவில்லை. ஆடி மாதம் வந்து, என் மகன் மருதாசலத்துக்கு உரிமைப் பெண் இருக்கும்போது நான் வெளியில் போய்ப் பெண் கேட்டால் நாலு பேர் சிரிக்க மாட்டார்களா என்று அவன் சத்தம் போட்டுவிட்டுப் போனதும், அதற்கு நீ எழுதிய பதிலும் உனக்கு நினைவிருக்கும். கல் நான் சொன்ன இடத்தில் இல்லாவிட்டால் இங்கே என் வேலை நிலைக்காது, நானே பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன், தையில் முகூர்த்தம் வைத்துக்கொள்ளுங்கள், கிடைத்துவிட்டால் என் கல்யாணப் பேச்சை என்னிடம் விட்டுவிடுங்கள் என்று எழுதினாய். உன் அப்பாவும் மாமனும் அதற்கு வெற்றிலை மாற்றாத குறையாக ஒப்புக்கொண்டார்கள். மாமனுக்கு முதல் பாதி மட்டும்தான் காதில் விழுந்தது. ஆகாசத்துல போன கல்லு எங்க திரும்பக் கெடைக்கும்க்கா என்று சிரித்துக்கொண்டே போனவன், கார்த்திகை பாதி ஆனதும் கல்யாணச் சீர் நடத்தி வைக்கிற அருமைக்காரரையே கூட்டிக்கொண்டு நாள் குறிக்க வந்துவிட்டான், ஒரு தார் பூவன் பழத்தோடு. இட்லி வைத்தேன். நீ வந்துவிடுவாயே என்று உள்ளுக்குள் ஒரு ஆசையும் எட்டிப் பார்த்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் தோற்றுப் போய் வருவாயே என்று நினைத்ததும் அந்த ஆசை பிடிக்காமல் போய்விட்டது.

அப்போதுதான் உன் அப்பா பனியன் கம்பெனியிலிருந்து சைக்கிளில் வந்தார். தோளில் துண்டு இல்லை, வழியில் எங்கேயோ விழுந்திருக்கிறது. கம்பெனிக்கு வந்த தந்தியைக் கணக்கப்பிள்ளை படித்துச் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தார். மாமன் வாயிலிருந்த இட்லியை அவசரமாக விழுங்கினான். பிறகு மெதுவாக, ஏனுங்க மச்சான், அது வேற ஏதாச்சும் கல்லா இருக்கப் போவுதுங்க, நல்லாப் பாக்கச் சொல்லுங்க என்றான். இரண்டு ராத்திரி படம் எடுத்து, நகர்ந்த விதமும் கணக்கோடு ஒத்துப் போய் உறுதியாகிவிட்டது என்று தந்தியிலேயே இருந்ததால் அதற்கும் பதில் தயாராக இருந்தது. அருமைக்காரர்தான் முதலில் எழுந்தார், அப்ப நான் வரட்டுங்களா என்று. உட்கார வைத்து அந்தப் பூவன் பழத்தையே எல்லோருக்கும் நான் கையால் உரித்துக் கொடுத்தேன். இந்த வயதில் எனக்கு இத்தனை சந்தோஷம் வரும் என்று நான் நினைக்கவே இல்லை, கண்ணு. இப்போது கேள், மடத்துக்குளம் முழுக்க மாமன்தான் தண்டோரா. எங்கக்கா புள்ளை கணக்குப் போட்டா ஆகாசத்துல இருக்கறது அசையாதுங்க என்கிறானாம். அசைகிறதைத்தானே நீ கணக்குப் போட்டாய், யார் போய் அவனுக்குச் சொல்வது. மருதாசலத்துக்கு உடுமலைப் பக்கம் ஒரு பெண் பார்த்திருக்கிறார்கள், நல்ல களையான புள்ளை.

இனி என் சங்கதிக்கு வருகிறேன், உன் அப்பா முந்திக்கொண்டு எழுதிவிடுவதற்குள் நானே எழுதிவிடுகிறேன். ஆடியில் நீ எழுதிய கடிதத்தில், சூரியனைச் சுற்றி வருகிற இந்தக் கல் நாலு வருஷத்துக்கு முன்னால் கொஞ்ச நாள் மட்டும் கண்ணில் பட்டு மறைந்துவிட்டது, நடுவில் வியாழன் பக்கத்தில் போய் அது இழுத்த இழுப்பில் வழி மாறிவிட்டது என்று எழுதியிருந்தாய் அல்லவா. வியாழன் என்றால் எனக்கு குரு பகவான்தான். அவர் பிடித்து இழுத்து வைத்துக்கொண்டால் புள்ளை எப்படித் தேடும் என்று பதறி, வியாழக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போய் நவக்கிரகத்தில் குருவுக்கு மஞ்சள் துணி சாத்தி, கொண்டைக்கடலை மாலை போட்டு, சாமி, எம் புள்ளை கல்லை விட்டுருங்க என்று வேண்டிக்கொண்டு வந்தேன். கம்பெனியில் பனியனுக்குக் கை மடித்துக் கொடுக்கிற வேலாத்தாள்தான் பனியன் நூலில் கடலை கோத்துக் கொடுப்பாள். போன வாரம் உன் கடிதத்தை அப்பா சத்தமாகப் படிக்கிறார், வியாழன் எவ்வளவு இழுத்திருக்கும் என்று சரியாகச் சேர்த்ததால்தான் இடம் கிடைத்தது, அந்த இழுப்பு இல்லாமல் இருந்திருந்தால் நான் சொன்ன இடத்தில் கல் இருந்திருக்காது என்று. படித்துவிட்டு என்னைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார் பார், பக்கத்து வீட்டிலிருந்து என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார்கள். நல்ல வேளை குரு உன் பேச்சைக் கேட்கலே, கேட்டிருந்தா புள்ளை பொட்டி கட்டியிருக்கும் என்கிறார். நான் விடுவேனா. விடச் சொல்லித்தான் கேட்டேன், எது நல்லது என்று தெரிந்து அவர் விடாமல் இழுத்திருக்கிறார், கேட்டதை அப்படியே கொடுத்தால் அது கடைக்காரர், சாமி இல்லை என்று சொல்லிவிட்டேன். இன்றைக்கும் வியாழக்கிழமைதான். மாலை போட்டுவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன், இன்றைக்கு நன்றி மட்டும் சொன்னேன், ஒன்றும் கேட்கவில்லை, எதற்கு வம்பு.

போட்டோவைச் சட்டம் போட்டு சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. நட்சத்திரமெல்லாம் புள்ளியாக நிற்க, உன் கல் மட்டும் அறுந்து விழுந்த நூல் மாதிரி ஒரு சின்னக் கோடாக இருக்கிறது. வருகிறவர்களுக்குக் கொண்டை ஊசியால் தொட்டுக் காட்டிக் காட்டிக் கண்ணாடியில் கீறலே விழுந்துவிட்டது. நீ உடம்பைப் பார்த்துக்கொள். வெற்றி வந்த வேகத்தில் சாப்பாட்டை மறக்காதே, ரொட்டியைத் தின்றே காலம் தள்ளாதே, பருப்புப் பொடியும் நெய்யும் தெரிந்தவர் ஒருவர் வசம் தையில் கொடுத்தனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. உன் கல்யாணப் பேச்சு உன்னிடமே இருக்கிறது, நாங்கள் எடுக்க மாட்டோம், ரொம்ப வருஷம் அங்கேயே வைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

மறக்காமல் ஒன்று செய். கல் இப்போது கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது என்று எழுதியிருந்தாய். நேற்றுப் பொழுது சாய்ந்ததும் மாடிக்குப் போய் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். தையில் எங்கே நகரும், மாசியில் எங்கே நகரும் என்று மாதாமாதம் எழுதிவிடு. வெறும் கண்ணுக்குத் தெரியாதே அம்மா, எதைப் பார்க்கப் போகிறாய் என்று சிரிப்பாய். நீயும்தான் மூன்று வருஷமாக என் கண்ணுக்குத் தெரிவதில்லை. எந்தப் பக்கம் என்று தெரிந்தால் போதும், கண்ணு, நான் பார்த்துக்கொள்வேன்.

நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், நீண்ட ஆயுசோடு இரு.

இப்படிக்கு,
உன் அம்மா
மயிலாத்தாள்