மிச்சமெல்லாம் அமைதி

வியாழன், ராத்திரி.

மீன்பிடிக்கப் போறவங்களுக்குக் காத்து எச்சரிக்கை அனுப்ப ரூபி மொழியில நாங்க எழுதின புரோகிராம் காலையில பொய் சொல்லிட்டுது. வானிலை சர்வர்ல இருந்து பதிலே வரல. வர்ற பதிலை வெற்றி, தோல்வின்னு பிரிச்சுத் தர்ற மோனாட் லைப்ரரி அதை ஒழுங்கா ‘தோல்வி’ன்னு உறையில போட்டுத்தான் தந்துச்சு. எந்தப் பதிலுக்கு எந்த மெசேஜ்னு பிரிக்கிற பேட்டர்ன் மேட்சிங்ல ‘எச்சரிக்கை உண்டு’க்கு மட்டும் ஒரு வரி எழுதி, மிச்சம் எதுவா இருந்தாலும் ‘கடல் அமைதி’ன்னு அனுப்ப வச்சது நான்தான். சோம்பேறித்தனம்.

மத்தியானமே பலமா காத்து பிடிச்சிட்டுது. பக்கத்து சீட்டு ஜெஸ்லின் அந்த மெசேஜை நம்பித்தான் அவ அப்பாவைக் கடலுக்கு விட்டிருக்கா. இன்னும் கரைக்கு வரல. தப்பு என்னோடதுன்னு அவளுக்குத் தெரியாது.

ஆபீசை விட்டு இறங்கும்போது கேட்டா: “ஒரு தகவலும் வரலன்னா ஒண்ணும் ஆகலன்னுதானே மக்கா?”

ஆமான்னு சொன்னேன்.