போனுக்குச் சொன்ன “எல்லாம் சுகம்”

சுஹைரா,

சுபஹு தொழுதுவிட்டு நீ அசந்து தூங்குகிறாய். எழுப்ப மனம் வரவில்லை. இடியப்பமும் சொதியும் குசினியில் மூடியிருக்கின்றன. சாவி ஜன்னலடியில்.

நேற்று நான் ஒழு எடுக்கக் கால் கழுவுகையில் என் பாதத்துப் புண்ணைக் கண்டு, “மெஷினுக்கும் பொய்யா சொல்லுறீங்க?” என்று நீ கத்தியது நியாயம்தான். துறைமுகத்தில் காவலாளியாக முப்பத்தெட்டு வருடம் மணிக்கொரு தரம் பதிவுப் புத்தகத்தில் “எல்லாம் சுகம்” என்று எழுதிய கையல்லவா? கிளினிக்காரர் போனில் போட்டுத் தந்த ஏஐ காலையில் “இரத்தத்தில் சீனி எவ்வளவு? காலில் புண் உண்டா?” என்று கேட்டாலும், கை தானாக அதையே எழுதுகிறது. அது புகழ்ந்த புகழ்ச்சிக்கு நான் ஒலிம்பிக்கில் ஓட வேண்டியவன்! டொக்டரும் அந்தப் பதிவை நம்பி மருந்தைக் குறைத்துவிட்டார்.

சுகமாயிருப்பதாக நடித்தே களைத்துப்போனேன், புள்ள. எட்டு மணி பஸ்ஸில் போய், டொக்டரிடம் காலைக் காட்டப்போகிறேன்.

முனாப்

நம்ம மகன் ஹஸ்மி கோல் எடுத்தால் ஒன்றும் சொல்லாதே.

இல்லை, சொல்லு.

இன்னொன்று: இன்றைக்குத்தான் முதன்முதலாகப் போனில் “சுகமில்லை” என்று எழுதினேன். “பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா?” என்று கேட்டது. ஓம் என்றேன். உன் குறட்டை கப்பல் சங்கு மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தது.