சித்தியாக மட்டும்

மார்ச் 3

அன்புத் தங்கச்சிக்கு,

போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. எழுதினாலாவது படிப்பாய் என்று எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

என் மகள் நர்சிங் முடித்துவிட்டாள். வீட்டில் ஓயாமல் எல்லாருக்கும் பிரஷர் பார்க்கிறாள். அவள் கருவியை எடுத்தாலே உன் அத்தானுக்கு ஏறிவிடுகிறது! உன் ஆஸ்பத்திரியிலேயே வேலை கிடைத்திருக்கிறது. உன் வார்டில் போடச் சொல்லி நீயே பழக்கிவிடு. "சித்தி இருக்கும்போது எனக்கென்னம்மா பயம்?" என்கிறாள்.

உன் அக்கா

மார்ச் 11

அக்காவுக்கு,

கோபப்படாதே. அவளை என் வார்டில் போட வேண்டாம் என்று மேட்ரனிடம் சொல்லிவிட்டேன்.

புதிதாக வருகிறவர்களையெல்லாம் என்னிடம்தான் விடுகிறார்கள். என் நோயாளிகளையும் பார்த்துக்கொண்டு, ஊசி போடுவதிலிருந்து இறந்தவரின் கண்ணை மூடுவதுவரை சொல்லித்தர வேண்டும். வேலையில் தேறியதும் வேறு இடம் போய்விடுவார்கள். அடுத்தவள் வந்து நிற்பாள். வீட்டுக்கு வந்த பிறகும் "சிஸ்டர், சிஸ்டர்" என்று காதில் கேட்கிறது. நேற்று ஒருத்தி அழுதாள். முன்பெல்லாம் கூடவே உட்கார்ந்திருப்பேன். நேற்று, எப்போது நிறுத்துவாள் என்று நின்றுகொண்டிருந்தேன்.

உன் மகளுக்காவது நான் சித்தியாக மட்டும் இருந்துவிட்டுப் போகிறேனே.

தங்கச்சி

மார்ச் 20

தங்கச்சிக்கு,

யார் யார் பிள்ளைகளுக்கோ சொல்லித்தருகிறாய். சொந்தப் பிள்ளை என்றால் மனசு வரவில்லை. சரி. அவள் வேறு ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டாள். இனி உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டோம்.

அக்கா

ஜூன் 15

அக்காவுக்கு,

அவள் எப்படி இருக்கிறாள்? கால் வீங்கினால் வெந்நீரில் வைக்கச் சொல்.

லீவு நாளில் யாரோடும் பேசாமல் இருப்பது முதலில் சுகமாக இருந்தது. இப்போது கடைக்காரர் "பை வேணுமாம்மா?" என்று கேட்டால்கூடக் குரல் எழும்ப நேரமாகிறது.

எழுதேன்.

தங்கச்சி

அக்டோபர் 9

என் தங்கத்துக்கு,

வீம்பில் பதில் போடாமல் இருந்துவிட்டேன். நேற்று நம் மகள் வேலையிலிருந்து வந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி ஆச்சு?"

"எனக்குச் சொல்லித்தர்ற சிஸ்டர் வேலையை விட்டுட்டாங்கம்மா. பையை எடுத்துட்டு, திரும்பிக்கூடப் பாக்காம போயிட்டாங்க."

"திட்டினாங்களா உன்னை?"

"இல்லம்மா. அவங்க போற வீட்ல யாராச்சும் இருப்பாங்களான்னு நெனச்சேன். அதான் சாப்பாடு எறங்கல."

எனக்கும் இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். ஒன்றும் பேச வேண்டாம். கதவைத் திறந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள். நான் அடுப்படியில் இருப்பேன்.

அக்கா